கனவுக்குள்ளிருந்து வந்த சைகை

தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வினாத்தாளைப் புரட்டினால் ஒரு கேள்விகூடப் புரியவில்லை. பேனாவிலோ மை இல்லை. கடன் கேட்கலாமென்று பக்கத்து இருக்கையைப் பார்த்தால், அங்கே அமர்ந்து எழுதிக்கொண்டிருப்பவர் என்றோ காலமாகிவிட்ட உங்கள் தாத்தா! அப்போது மனத்தின் ஒரு மூலையில் ஓர் ஐயம் எழுகிறது. 'தாத்தா எப்படித் தேர்வு எழுத வந்தார்? அப்படியானால் இது கனவல்லவா?'

இந்த ஐயம் எழுந்த மறுகணமே நம்மில் பலர் விழித்துக்கொள்வோம். ஆனால் சிலர் விழித்துக்கொள்வதில்லை. தூக்கம் கலையாமலே, "நான் இப்போது கனவு காண்கிறேன்" என்று தெளிவாக அறிந்துகொண்டு, அந்தக் கனவிலேயே தொடர்ந்து நடமாடுகிறார்கள். விழித்திருக்கும் நிலையை நாம் நனவு என்கிறோம். கனவுக்குள்ளே ஒரு நனவு பிறக்கும் இந்த விந்தை நிலையைத் தெளிவுக் கனவு என்று அழைக்கலாம்.

இது யாரோ சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் என்று எண்ணிவிடாதீர்கள். ஐம்பது ஆண்டுகளில் வெளியான 34 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். அதன்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் தெளிவுக் கனவு கண்டிருக்கிறார்கள். மாதம் ஒரு முறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் நூற்றுக்கு 23 பேர்.

கனவு என்று தெரிந்துவிட்டால் அதை நம் விருப்பப்படி நடத்தலாமா? இது ஒரு கேள்வி. அதைவிடக் கடினமான இன்னொரு கேள்வியும் உண்டு. "நான் நடத்தினேன்" என்று ஒருவர் சொன்னால், அதை மற்றவர்கள் எப்படி நம்புவது? கனவுக்குச் சாட்சி ஒருவர்தான். அவரும் அந்நேரம் தூங்கிக்கொண்டிருந்தவர்! இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காண விஞ்ஞானத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு சிறுவனின் குறிப்பேடு

தூங்கும்போதே 'இது கனவு' என்று மனத்துக்குள் ஏதோ ஒன்று சொல்வதுண்டு என்பதை, கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். திபெத்திய பௌத்தத் துறவிகள் கனவில் விழிப்போடிருப்பதை ஒரு யோகப் பயிற்சியாகவே வளர்த்தார்கள். ஆனால் கனவைத் திட்டமிட்டுச் சோதித்து, முடிவுகளைத் தேதிவாரியாக எழுதி வைத்தவர்களுள் முன்னோடி ஒரு பிரெஞ்சுக்காரர். எர்வே த சான் தெனி என்பது அவர் பெயர். 1822-இல் பிறந்தவர். பிற்காலத்தில் சீனமொழி அறிஞராகப் புகழ்பெற்று, பாரிசிலுள்ள கொலேஜ் த பிரான்சு என்னும் உயர்கல்வி நிலையத்தில் சீனமொழிப் பேராசிரியராக அமர்ந்தார்.

பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்தபோதே, தாம் கண்ட கனவுகளை எழுதவும் படமாக வரையவும் தொடங்கினார் அவர். விளையாட்டாக ஆரம்பித்த வேலை விடாத பழக்கமாயிற்று. 1,946 இரவுகளின் கனவுகள் 22 குறிப்பேடுகளை நிரப்பின. தொடக்கத்தில் பல நாட்களுக்கு ஒன்றுமே நினைவில் நிற்கவில்லை. எழுத எழுத நினைவு வலுத்தது. பகலெல்லாம் கனவைப் பற்றியே எண்ணிய மனம், கனவிலும் அதையே எண்ணத் தொடங்கியது. 207-ஆம் இரவு, தாம் காண்பது கனவு என்பதைக் கனவிலேயே உணர்ந்தார். சுமார் பதினைந்து மாதங்களில் இது ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் நிகழலாயிற்று. திறமை பிறவியிலேயே வந்ததன்று, பழக்கத்தால் வந்தது என்பதற்கு அவருடைய குறிப்பேடே சான்று.

பிறகு அவர் செய்த சோதனைகளைப் பாருங்கள். தென் பிரான்சின் மலைப்பகுதி ஒன்றுக்குச் சென்று தங்கியபோது, ஒரு குறிப்பிட்ட வாசனைத் தைலத்தைத் தினமும் முகர்ந்து வந்தார். ஊர் திரும்பியதும் அந்தப் புட்டியை மூடி வைத்துவிட்டார். சில மாதங்களுக்குப் பின், வேலைக்காரரைக் கூப்பிட்டு, "நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது, என்றாவது ஒரு நாள், எனக்குச் சொல்லாமல் தலையணையில் சில துளிகள் தெளித்துவிடு" என்று ஏற்பாடு செய்தார். தைலம் தெளித்த இரவில் அவர் கனவில் அதே மலைகள் தோன்றின! எந்த இரவு என்று தமக்கே தெரியாதபடி செய்துகொண்டதைக் கவனியுங்கள். எதிர்பார்ப்பு முடிவைக் கெடுத்துவிடக் கூடாது என்னும் இன்றைய சோதனை ஒழுங்கை அவர் அப்போதே கைக்கொண்டிருந்தார்.

அவரைத் தொல்லைப்படுத்திய கெட்ட கனவு ஒன்று உண்டு. கோரமான உருவங்கள் அறைக்கு அறை துரத்திக்கொண்டு வரும். இவர் கதவுகளைத் திறந்து திறந்து ஓடுவார். ஓட ஓட அச்சம் கூடும். ஓர் இரவு, இது கனவு என்று உணர்ந்ததும் ஓடுவதை நிறுத்தினார். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, துரத்தி வந்த உருவங்களுள் முதன்மையானதை உற்று நோக்கினார். முதலில் கிலி பிடித்தது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை. உற்றுப் பார்க்கப் பார்க்க அதன் உருவம் நெகிழ்ந்து, கந்தல் துணிபோல் தொங்கி, வெறுமையாயிற்று.

அவர் அந்த உருவத்தோடு போராடவுமில்லை, "மறைந்து போ!" என்று கட்டளையிடவுமில்லை. அவர் கட்டுப்படுத்தியது தம் கால்களையும் பார்வையையும் மட்டுமே. கனவு மாறியது அதன் விளைவு. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இந்த அனுபவங்களையெல்லாம் தொகுத்து, கனவுகளைப் பற்றியும் அவற்றை நடத்தும் வழிகளைப் பற்றியும் 1867-இல் ஒரு நூல் வெளியிட்டார் சான் தெனி. ஆனால் அதில் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. நூல் விரைவில் கிடைத்தற்கரியதாகிவிட்டது. கனவு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற சிக்மண்டு பிராய்டே, எவ்வளவு முயன்றும் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை என்று தம் நூலில் எழுதும்படி ஆயிற்று.

உடையாத கண்ணாடிக் கிண்ணம்

அடுத்து நாம் சந்திக்க வேண்டியவர் ஆலந்து நாட்டின் பிரெடரிக் வான் ஏடன். இவர் மனநோய் மருத்துவர், இலக்கிய ஆசிரியரும்கூட. 1898 முதல் 1912 வரை ஏறத்தாழ 500 கனவுகளைக் குறித்து வைத்தார். அவற்றுள் 352 தெளிவுக் கனவுகள். 1913-இல் அவர் வெளியிட்ட கட்டுரையே 'தெளிவுக் கனவு' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரை உலகெங்கும் பரவச் செய்தது.

1904-ஆம் ஆண்டு ஓர் இரவில் வான் ஏடன் கனவில் ஒரு மேசையருகே நிற்கிறார். தாம் கனவு காண்பது அவருக்கு நன்றாகத் தெரியும். 'சரி, ஏதாவது சோதனை செய்து பார்ப்போம்' என்று மேசைமீதிருந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை முஷ்டியால் பலங்கொண்ட மட்டும் குத்துகிறார். நனவில் இப்படிச் செய்தால் கை என்னாகும் என்ற எண்ணமும் கூடவே ஓடுகிறது. கிண்ணம் உடையவில்லை! சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்தால், அது உடைந்து கிடக்கிறது. தம் கட்டம் வந்ததை மறந்து தாமதமாக மேடையேறும் நாடக நடிகனைப் போல, கண்ணாடி தாமதமாக உடைந்திருக்கிறது. மெய்யுலகைத் திறமையாக நடிக்கும் ஒரு பொய்யுலகில், எங்கோ சிறு பிசகு தென்படுவதாக அவருக்குத் தோன்றியது.

கனவின் மீது நமக்குள்ள அதிகாரம் அரைகுறையானது என்பதை இந்தக் கிண்ணம் காட்டிவிட்டது.

"நம்ப மாட்டோம்!"

இனி எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்போம். நியாயமாகப் பார்த்தால் அது வலுவான வாதம்தான்.

சான் தெனியின் காலத்தில் பிரான்சில் வாழ்ந்த ஆல்பிரட் மோரி என்னும் அறிஞர் ஒரு கனவைச் சொன்னார். பிரெஞ்சுப் புரட்சிக் காலம். அவரைக் கைது செய்கிறார்கள், விசாரிக்கிறார்கள், கூட்டத்தின் நடுவே வண்டியில் கொண்டுபோய்த் தலைவெட்டும் எந்திரத்தில் படுக்க வைக்கிறார்கள். கத்தி கழுத்தில் விழுகிறது. அலறி விழித்துக்கொள்கிறார். கட்டிலின் மேற்பகுதி கழன்று, அவர் கழுத்தின் மேல் விழுந்திருக்கிறது! அப்படியானால் அந்த நீண்ட கதை முழுவதையும் மனம் விழித்தெழும் ஒரு நொடியில் கட்டியிருக்க வேண்டும் என்று மோரி முடிவு கட்டினார். கனவே நொடிப்பொழுதில் முடிவது என்றால், அதில் திட்டமிட்டுச் சோதனை செய்தேன் என்பதற்கு என்ன பொருள்?

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் நார்மன் மால்கம் இன்னும் ஒரு படி மேலே போனார். 1959-இல் வெளியான தம் நூலில், தூங்குகிறவன் 'நான் தூங்குகிறேன்' என்று தீர்மானித்தான் என்பதே பொருளற்ற பேச்சு என்று வாதித்தார். அறியும் சக்தி இருந்தால் அவன் தூங்கவில்லை. தூங்கினால் அறியும் சக்தி இல்லை. விழித்தபின் ஒருவன் சொல்லும் கதையைத் தவிர, கனவைச் சரிபார்க்க வேறு வழியே கிடையாது.

தூக்க ஆராய்ச்சியாளர்களிலும் பலர் இதே எண்ணத்தில்தான் இருந்தார்கள். இரவில் இடையிடையே சில நொடிகள் நாம் விழித்துக்கொள்வதுண்டு. அந்த அரைவிழிப்பில் எழுந்த எண்ணங்களையே இவர்கள் 'தெளிவுக் கனவு' என்று தவறாகக் கொள்கிறார்கள் என்பது அவர்கள் விளக்கம். சான் தெனியின் 22 குறிப்பேடுகளும் வான் ஏடனின் 352 கனவுகளும் இந்த விளக்கத்தின் முன் வலுவிழந்து நின்றன. எத்தனை பக்கம் எழுதினாலும் சாட்சி ஒருவர்தானே!

கண்கள் மட்டும் தூங்கவில்லை

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தூங்குகிறவர்களின் கண்ணசைவைக் கருவிகொண்டு பதிவு செய்துகொண்டிருந்தார். தம் எட்டு வயது மகனையே முதலில் படுக்க வைத்துச் சோதித்தார். தூக்கத்தின் சில கட்டங்களில், மூடிய இமைகளுக்குள் கண்விழிகள் பரபரவென்று அசைவதைக் கருவி காட்டிற்று. அவரும் அவருடைய பேராசிரியர் நத்தானியல் கிளைட்மனும் 1953-இல் இதை வெளியிட்டார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பினால், பெரும்பாலோர் 'கனவு கண்டுகொண்டிருந்தேன்' என்றார்கள். இதையே நாம் இன்று கண்ணசைவுத் தூக்கம் என்கிறோம். தூங்கத் தொடங்கிய ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் முதன்முறையாக வரும் இது, இரவில் நான்கைந்து முறை திரும்பத் திரும்ப வருகிறது. விடியலை நெருங்க நெருங்க அதன் கால அளவு நீள்கிறது.

வில்லியம் டிமென்ட் என்ற தூக்க ஆராய்ச்சியாளர் ஒரு சுவையான செய்தியைக் கவனித்தார். தூங்கிய ஒருவரின் கண்கள் இடமும் வலமுமாகத் தாளம் தவறாமல் அசைந்தன. எழுப்பிக் கேட்டபோது, தம் நண்பர்கள் இருவர் மேசைப்பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார்! கனவில் பந்தைத் தொடர்ந்த பார்வையை, உடலின் கண்களும் தொடர்ந்திருக்கின்றன.

இன்னொரு கண்டுபிடிப்பு பிரான்சிலிருந்து வந்தது. லியோன் நகரில் பூனைகளை ஆராய்ந்த மிஷேல் ஜூவே, கண்ணசைவுத் தூக்கத்தின்போது உடலின் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடுவதை 1959-இல் காட்டினார். மூளைத் தண்டிலிருந்து புறப்படும் கட்டளை, தண்டுவடத்தின் இயக்க நரம்புகளை அடக்கிவிடுகிறது. கனவில் நாம் ஓடினாலும் கட்டிலில் கால்கள் ஓடாமலிருப்பது இதனால்தான். மூச்சை இயக்கும் உதரவிதானமும் கண்களை அசைக்கும் தசைகளும் மட்டும் இந்தப் பூட்டுக்கு விலக்கு.

இப்போது இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கனவு காண்பவரின் கைகால்கள் பூட்டிக் கிடக்கின்றன. வாய் பேச இயலாது. ஆனால் கண்கள் சுதந்தரமாக இருக்கின்றன. கனவில் பார்வை போகும் திசையில் அவையும் போகின்றன. கனவில் விழிப்போடிருக்கும் ஒருவர், முன்பே பேசி வைத்தபடி வேண்டுமென்றே கண்களை அசைத்தால்? சிறைக்குள்ளிருப்பவர் சன்னல் வழியே விளக்கை ஆட்டிச் செய்தி சொல்வது போலல்லவா!

1975, ஏப்ரல் 12

இந்த எண்ணம் உதித்தவர் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கீத் ஹெர்ன். தெளிவுக் கனவு காண்பதில் கைதேர்ந்த ஆலன் வொர்ஸ்லி என்பவர் அவருடைய சோதனைக்கு முன்வந்தார். தலையிலும் கண்ணோரங்களிலும் முகவாயிலும் மின்வாய்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். கனவென்று உணர்ந்ததும், கண்களை இடமும் வலமுமாகப் பலமுறை தொடர்ந்து அசைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

1975 ஏப்ரல் 12-ஆம் நாள் காலை, எட்டு மணிக்குச் சற்றுப் பின். மூளை மின்னலைகள் கண்ணசைவுத் தூக்கத்தைக் காட்டுகின்றன. தசைகள் தளர்ந்து கிடக்கின்றன. கண்ணசைவைப் பதியும் எழுதுகோல் வழக்கம்போல் தாறுமாறாகக் கிறுக்கிக்கொண்டிருக்கிறது. திடீரென்று அந்தக் கிறுக்கல் நடுவே பெரிய, ஒழுங்கான அலைகள் எழுகின்றன. இடம், வலம், இடம், வலம்! பேசி வைத்த அதே சைகை. தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், தம் கனவுக்குள்ளிருந்து வெளியுலகுக்கு அறிந்தே செய்தி அனுப்பிவிட்டார்.

இத்தனை பெரிய செய்தி உலகுக்கு உடனே எட்டவில்லை. ஹெர்ன் இதைத் தம் ஆய்வேட்டில் எழுதி 1978-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஆய்வேடு நூலகத்தில் இருந்தது. கடலுக்கு அப்பால் அதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஒருவருக்கு அது தெரியவே தெரியாது.

அவர்தாம் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஸ்டீபன் லபெர்ஜ். இவருக்குத் தெளிவுக் கனவு சோதனைப் பொருள் மட்டுமன்று. தம்மையே பழக்கிக்கொண்டு தாமே சோதனைக் கட்டிலில் படுத்தார். கண்சைகையோடு நிறுத்தாமல் இன்னொன்றும் செய்தார். கனவில் இடக்கை முஷ்டியை இறுக்கினால் புள்ளி, வலக்கை முஷ்டியை இறுக்கினால் கோடு என்று வைத்துக்கொண்டு, மோர்ஸ் தந்தி முறையில் தம் பெயரின் இரண்டு ஆங்கில முதலெழுத்துகளை அனுப்பினார். முதலெழுத்துக்கு மூன்று புள்ளிகள். அடுத்த எழுத்துக்கு ஒரு புள்ளி, ஒரு கோடு, இரண்டு புள்ளிகள். கைகள் பூட்டப்பட்டிருந்தாலும், முன்கைத் தசைகளில் எழுந்த மிக நுண்ணிய துடிப்புகளைக் கருவி அதே வரிசையில் பதிவு செய்தது.

பிரபல விஞ்ஞான ஏடுகள் இந்தக் கட்டுரையை முதலில் ஏற்கவில்லை. தூங்குகிறவர் சைகை செய்தார் என்றால் அவர் தூங்கவில்லை என்பதே பொருள் என்ற பழைய வாதம் மீண்டும் எழுந்தது. லபெர்ஜும், அன்று மேசைப்பந்துக் கனவைக் கவனித்த அதே டிமென்ட் உள்ளிட்ட அவருடைய தோழர்களும் 1981-இல் ஐந்து பேரிடம் செய்த சோதனைகளை வெளியிட்டார்கள். எந்த நேரத்தில் சைகை செய்யப்பட்டது என்று தெரியாத ஒருவரிடம் பதிவுத்தாளைக் கொடுத்து, 'சைகையைக் கண்டுபிடியுங்கள்' என்றபோது, பெரும்பாலானவற்றை அவர் சரியாகச் சுட்டிக்காட்டினார். வாதம் அடங்கியது. கனவின் சாட்சி இனி ஒருவரல்லர். கருவியும் சாட்சி சொன்னது.

மோரியின் நொடிப்பொழுதுக் கனவுக்கும் விடை கிடைத்தது. கனவில் ஒரு சைகை செய்து, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி, மறுபடி ஒரு சைகை செய்யச் சொன்னார் லபெர்ஜ். இரண்டு சைகைகளுக்கும் இடைப்பட்ட நேரம், விழித்திருந்து எண்ணுவதற்கு ஆகும் நேரத்தையே ஒத்திருந்தது.

கனவு எதைக் கேட்கும், எதைக் கேட்காது?

இனி நம் முதல் கேள்விக்குத் திரும்புவோம். கனவை எந்த அளவு கட்டுப்படுத்தலாம்?

ஹெர்ன் ஓர் எளிய சோதனை செய்தார். கனவில் இருட்டறைக்குள் நுழைந்து விளக்கின் சுவிட்சைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பெரும்பாலோருக்கு விளக்கு எரியவில்லை! 1981-இல் இதை அவர் வெளியிட்டார். வான் ஏடனின் உடையாத கிண்ணம் உங்களுக்கு நினைவு வருகிறதல்லவா? கனவுலகத்தை நம் மூளை நினைவுகளையும் எதிர்பார்ப்புகளையும் கொண்டு நொடிக்கு நொடி கட்டிக்கொண்டே போகிறது. வாய்விட்டுச் சொல்லும் கட்டளையைவிட, உள்ளூர நாம் எதிர்பார்ப்பதையே அது அதிகம் கேட்கும். கதவுக்குப் பின்னால் பூதம் இருக்குமோ என்று அஞ்சித் திறந்தால் பூதம்தான் இருக்கும். ஆகவே தேர்ந்தவர்கள் காட்சியை அதட்டுவதில்லை. தம் எதிர்பார்ப்பை மாற்றுகிறார்கள், பார்வையை மாற்றுகிறார்கள். காட்சி மாற வேண்டுமானால் கனவிலேயே கண்களைக் கையால் பொத்திக்கொள்வது சான் தெனியின் வழக்கம்.

இந்தத் திறமையால் பயன் உண்டா? உண்டு என்பதற்குச் சில சான்றுகள் கிடைத்துள்ளன. ஜெர்மானிய மொழி வழங்கும் நாடுகளின் ஆராய்ச்சியாளர் இருவர், டேனியல் எர்லாகரும் மைக்கேல் ஷ்ரெட்லும், 2010-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தூரத்திலுள்ள கோப்பையில் நாணயத்தை எறிந்து விழச்செய்யும் விளையாட்டு அது. இரவில் தெளிவுக் கனவில் அதைப் பழகிப் பார்க்க இருபது பேர் முயன்றார்கள். ஏழு பேருக்கே அது கைகூடியது. ஆனால் அந்த ஏழு பேரும் காலையில் முன்னைவிடக் குறி தவறாமல் எறிந்தார்கள். எண்ணிக்கை சிறிதென்பதால் இதைத் தொடக்க முயற்சியாகவே கொள்ள வேண்டும்.

கெட்ட கனவுகளால் துன்புறுவோருக்கு இது உதவுமா என்று 2006-இல் ஆலந்து நாட்டில் 23 பேரிடம் சோதித்தார்கள். அச்சமூட்டும் கனவைப் பகலிலேயே நினைவுக்குக் கொண்டுவந்து, அதற்கு வேறொரு முடிவை அமைத்துப் பழகுமாறு சொல்லிக் கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன. ஆனால் வியப்பைக் கேளுங்கள். கனவில் தெளிவு பெறாதவர்களுக்கும் அவை குறைந்தன! 'ஓட வேண்டியதில்லை, நின்று பார்க்கலாம்' என்ற துணிவே மருந்தாயிற்று போலும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்ற சான் தெனி கற்றதும் அதுதானே?

எட்டிலிருந்து ஆறு போனால்?

1975-இல் சைகை ஒரு பக்கமாகத்தான் வந்தது. கனவு காண்பவர் பேசினார், வெளியிலிருந்தவர் கேட்டார். 2021-இல் அது உரையாடலாயிற்று. அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, ஆலந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் 36 பேரிடம் செய்த சோதனைகளைச் சேர்ந்து வெளியிட்டன. அமெரிக்க இளைஞர் ஒருவர் தெளிவுக் கனவில் இருப்பதாகக் கண்சைகை காட்டியதும், மெல்லிய குரலில் "எட்டிலிருந்து ஆறு போனால்?" என்று கேட்டார்கள். தூங்கிக்கொண்டே அவர் கண்களை இரண்டு முறை இடம்வலமாக அசைத்தார். விடை இரண்டு! மறுபடி கேட்டபோதும் அதே விடை.

இதைக் கேட்டதும் துள்ளிக் குதிக்கத் தோன்றும். ஆனால் முழுக் கணக்கையும் பார்ப்பதே விஞ்ஞான முறை. மொத்தம் 158 முறை கேள்வி கேட்டார்கள். சரியான விடை வந்தது 29 முறை. தவறான விடை 5 முறை. வந்தது விடையா இல்லையா என்று தீர்மானிக்க முடியாதவை 28. எஞ்சிய 96 முறை பதிலே வரவில்லை. கனவின் சன்னல் திறந்துதான் இருக்கிறது, ஆனால் அது மிகக் குறுகியது.

நீங்களும் முயலலாமா?

'எனக்கும் இது வருமா?' என்று கேட்கிறீர்கள், இல்லையா? லபெர்ஜ் தமக்கென வகுத்துக்கொண்ட முறை எளியது. விடியற்காலையில் ஒரு கனவிலிருந்து விழித்ததும் அந்தக் கனவை நினைவில் ஓட்டிப் பாருங்கள். 'அடுத்த முறை கனவு காணும்போது, கனவு காண்கிறேன் என்பதை நினைவுகூர்வேன்' என்று மனத்தில் உறுதியாகப் பதித்துக்கொண்டு மீண்டும் தூங்குங்கள். காலையில் கனவுகளை எழுதி வையுங்கள். பகலிலும் அவ்வப்போது, 'இது நனவா, கனவா?' என்று மெய்யாகவே சோதித்துப் பாருங்கள். ஒரு பலகையின் எழுத்தைப் படித்துவிட்டு, முகத்தைத் திருப்பி மறுபடி படியுங்கள். கனவில் பெரும்பாலும் எழுத்து மாறிவிடும்.

பொறுமை வேண்டும். 2017-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வில், இத்தகைய முறைகளைச் சேர்த்துக் கையாண்டவர்களுக்கு ஏறத்தாழ ஆறு இரவுகளுக்கு ஓர் இரவே பலன் கிடைத்தது. ஓர் எச்சரிக்கையும் தேவை. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், குறிப்பாகத் தேர்வு எழுதும் மாணவர்கள். நனவும் கனவும் குழம்பும்படியான மனநோய் உள்ளவர்கள் மருத்துவரின் யோசனையின்றி இதில் இறங்கக் கூடாது.

சான் தெனி தம் நூலை வெளியிட்ட 1867-க்கும், ஹல் நகரில் எழுதுகோல் அசைந்த 1975-க்கும் இடையே 108 ஆண்டுகள். அத்தனை காலமும் அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. சரிபார்க்க வழியில்லாததால் அதை நம்ப மறுத்தவர்களையும் குறைசொல்ல முடியாது. வழக்கைத் தீர்த்து வைத்தது, கனவில் பறந்து காட்டிய வீரச்செயல் ஏதுமன்று. ஒருவர் தம் கண்களை இடமும் வலமும் அசைத்த சிறு செயல்தான். கனவுலகை ஆள நினைத்த மனிதர் முதலில் ஆளக் கற்றது, துரத்தும் உருவத்தை விட்டு விலகாத தம் பார்வையை. அந்தப் பார்வையே கடைசியில் அவருக்குச் சாட்சியும் ஆயிற்று.

இன்றிரவு தேர்வு மண்டபத்தில் தாத்தாவைக் கண்டால் பதறி எழுந்துவிடாதீர்கள். சற்று நின்று, அவரை நன்றாகப் பாருங்கள். காலையில் எழுந்ததும் கண்டதை மறக்காமல் எழுதி வையுங்கள்.